பின்பக்கம் தாழ்ந்த மோட்டார்

“பின்பக்கம் அப்படியே உக்காந்துடுச்சு சார்,” என்றார் டொமினிக், மோட்டாருக்கு அடியில் படுத்தபடியே. “ஸ்பிரிங் பட்டை வளைவே இல்லாம நீட்டிக்கிச்சு.”

சீனிவாசராகவனுக்கு முதலில் டொமினிக் மேல்தான் சந்தேகம் வந்தது.

யுத்த காலம். பெட்ரோலுக்கு ரேஷன். ஆஸ்டின் டவுன் பட்டறைகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. சர்க்கார் உத்தியோகஸ்தர் வண்டியாயிற்றே என்று இல்லாத பழுதைச் சொல்கிறாரோ?

மல்லேஸ்வரத்திலிருந்து ஆபீசுக்கும், ஆபீசிலிருந்து வீட்டுக்கும் தினம் போய்வரும் வண்டி. அதில் ஏறுவது அவர் ஒருவர்தான். அவரோ ஒல்லி.

குனிந்து பார்த்தார். பொய்யில்லை. வண்டி பின்னங்காலை மடக்கிக் குந்திய நாய்போல நின்றது.

“தினம் கல்லா சார் ஏத்தறீங்க?” என்று சிரித்தார் டொமினிக்.

சீனிவாசராகவன் சிரிக்கவில்லை. வண்டியை எடுக்கிற இன்னொரு ஆள் ஞாபகத்துக்கு வந்தது.

மனைவி அலர்மேல்மங்கைக்கு மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். பொம்மனாட்டி ஸ்டியரிங் பிடிப்பதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோது அவருக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்டில் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டதிலிருந்து அவளுக்குப் பஜனை அதிகமாகிவிட்டது. பூக்கூடையும் பழக்கூடையும் வண்டியில் ஏறின. அவர் தூக்கிவைக்கப் போனால், “நீங்க எதுக்கு, நானே வெச்சுக்கறேன்” என்று முந்திக்கொண்டாள்.

ஒரு நாள் அவள் விரல் நுனிகளில் கறுப்பு. பெருமாள் விளக்குக் கரி என்றாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை.

வேறு மாதிரியும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

பின்கதவைத் திறந்து ஸீட்டைத் தூக்கினார். வாடிய சாமந்தி இதழ்கள். ஓர் ஆரஞ்சுத் தோல். இடுக்கில் ஏதோ மினுங்கியது.

சின்ன ஈயத் துண்டு. முனையில் கன்னட எழுத்து ஒன்று, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி.

அச்செழுத்து.

ஊர் பூராவும் சர்க்காருக்கு எதிரான நோட்டீசுகள் பறந்துகொண்டிருந்தன. அந்த அச்சுக்கூடம் ஒரே இடத்தில் இருப்பதில்லை, வீடு வீடாக மாறுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். எதில் மாறுகிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

பெட்டி பெட்டியாக ஈயம். மேலே சாமந்திப்பூ.

அவர் கையை மூடிக்கொண்டார்.

டொமினிக் வெளியே வந்து துணியில் கையைத் துடைத்தார். “ஏதாச்சும் நட்டு கழண்டு கிடக்குதா சார்?”

“ஒண்ணுமில்லே.”

“அப்ப என்ன செய்யட்டும்? பாரம் ஏத்தறதை நிறுத்திட்டீங்கன்னா இந்தப் பட்டையவே வளைச்சுக் குடுத்துடறேன், முன்ன மாதிரி சுகமா போகும். ஏத்தறதுன்னா பக்கத்துக்கு ரெண்டு பட்டை சேர்க்கணும். ஆனா ஒண்ணு, வண்டி வெறுமனே போறப்ப தூக்கித் தூக்கிப் போடும். உங்க இடுப்பு தாங்காது.”

சீனிவாசராகவன் ஈயத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே அவளுக்கு என்று முதலில் கோபம் வந்தது. எப்படிச் சொல்வாள் என்று பிறகு தோன்றியது.

“பட்டை சேர்த்துடுங்கோ,” என்றார்.

“திங்கக்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்.”

“இன்னிக்கே வேணும். நாளைக்கு ஆத்துக்காரி பஜனைக்குப் போகணும்.”

சாயங்காலம் வண்டி நிமிர்ந்து நின்றது. முதல் பள்ளத்திலேயே அவர் தலை கூரையில் இடித்தது.

பாலத்தடியில் போலீஸ் தடுப்பு. முன்னால் நின்ற மோட்டாரிலிருந்து துணி மூட்டைகளை இறக்கி ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது இவர் வண்டி. கான்ஸ்டபிள் ஒருவன் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து முன்னால் வந்தவன், உள்ளே இருப்பது யார் என்று தெரிந்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தான்.

பின்பக்கம் தாழ்ந்து வரும் மோட்டார் எதையும், அது யாருடையதானாலும், சோதனை போடாமல் விடக்கூடாது என்பது அவர்களுக்கு உத்தரவு.

போன வாரம் அந்த உத்தரவைப் போட்டவர், போலீஸ் சூப்பிரண்டெண்டு சீனிவாசராகவன்.