செவலையின் தொட்டிப் புண்ணாக்கு

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க, இது சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை.

ஒரு கரடி எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தது. செக்கு இழுக்கச் செவலைக் காளை, எண்ணெய் டின் சுமக்கக் கழுதை. அந்தச் சமயம் காட்டில் தேர்தல். தலைவர் பதவிக்குப் புலி நின்றது.

அமாவாசைக்குச் செக்கு ஓடாது. அன்றைக்குக் குளத்தங்கரையில் நாலு பேர் காதில் விழும்படி செவலை சொன்னது: "புலி வந்தா மேய்ச்சல் நிலம் நமக்கில்லை. என் ஓட்டு அதுக்குக் கிடையாது."

கழுதை அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "நல்லாச் சொன்னீங்கண்ணே" என்று காதோடு சொன்னது.

மறுநாள் விடிந்ததும் கரடி செவலையின் நுகத்தைக் கழற்றியது.

"லீவு நாள்ல, என் வாயால பேசினேன் முதலாளி. அது தப்பா?"

"யாருப்பா தப்புன்னா? தாராளமாப் பேசு. ஆனா நம்ம எண்ணெய் புலி வீட்டுக்குல்ல போகுது! இனிமே வேற இடம் பாரு."

வேலை போன காளைக்குக் காட்டு வழிதான் மிச்சம். அந்த வழியில் புலி வீட்டைத் தாண்டாமல் போக முடியாது. அது மூன்று பேருக்கும் தெரியும்.

செவலை கழுதையைத் திரும்பிப் பார்த்தது. "தம்பி, நான் சொன்னது பொய்யா? நீயாவது சொல்லுடா."

"ஆமா, நீயும் அங்கதானே இருந்தே?" என்றது கரடி. "நீ என்ன சொல்றே?"

கழுதை சட்டென்று செவலையின் தொட்டிக்குள் முகத்தை விட்டு, வாய் கொள்ளாமல் புண்ணாக்கை அடைத்துக்கொண்டது. குளம்புச் சத்தம் காட்டுப் பக்கம் ஓய்கிற வரைக்கும் தலையைத் தூக்காமல் மென்றுகொண்டே இருந்தது.