வேண்டாம் என்று சொன்ன படகு

வாங்காதீங்க என்று கண்ணாயிரம் சொன்ன மோட்டார் படகு, அடுத்த வாரமே கண்ணாயிரத்தின் ஷெட்டில் நின்றது.

செங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த குணபாலன் பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். அதே நீலப் பெயிண்ட், அதே வெள்ளைக் கோடு. திருவண்ணாமலையில் வேறு படகு ஏது? கண்டக்டரிடம் சொல்லி அங்கேயே இறங்கிவிட்டார்.

குணபாலன் நைனாருக்குக் கீழ்பென்னாத்தூரில் ரைஸ் மில். சாத்தனூர் அணையில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற கூட்டத்தைப் பார்த்ததிலிருந்து, அங்கே ஒரு மோட்டார் படகு விடவேண்டும் என்று அவருக்கு ஆசை. தரையிலேயே ஸ்கூட்டர் ஒழுங்காக ஓட்டத் தெரியவில்லை, தண்ணீரில் எதற்கு என்று மனைவி கனகலதா கேட்டுப் பார்த்தாள். அப்புறம் அவளே படகுக்குப் பெயர் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ரமணாசிரமம் தாண்டி லாட்ஜ் நடத்திய ராஜேந்திரனிடம் ஒரு பழைய படகு விலைக்கு இருந்தது. மெட்ராஸில் ஏலம் எடுத்து லாரியில் கொண்டுவந்தது. லாட்ஜ் வாசலில் செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றி வைத்திருந்தார். கிரிவலம் போகிறவர்களில் சிலர், ஏதோ சாமி வாகனம் என்று நினைத்து அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

வாங்குவதற்கு முன் படகைச் சோதித்துச் சொல்ல ஊரில் ஒரே ஆள் கண்ணாயிரம் மேஸ்திரி. மெட்ராஸ் துறைமுகத்தில் படகு ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர், சொந்த ஊருக்குத் திரும்பி, செங்கம் ரோட்டில் டிராக்டர் ரிப்பேர் ஷெட் போட்டிருந்தார். துறைமுகப் பெருமையைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பேசுவார். அன்றைக்கும் குணபாலன் செலவில் நெய் ரோஸ்ட், பூரி, டிகிரி காபி எல்லாம் முடிந்த பிறகுதான் சுத்தியலையே கையில் எடுத்தார்.

எடுத்தபின் விடவில்லை. படகு முழுக்கத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். மல்லாந்து படுத்து அடியில் கத்தியால் சுரண்டினார். இஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். படகு வாங்க வந்தீங்களா, வைத்தியம் பார்க்க வந்தீங்களா என்று ராஜேந்திரன் அலுத்துக்கொண்டார்.

கடைசியில் கண்ணாயிரம், குணபாலனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இஞ்சின் நல்லாத்தான் இருக்கு நைனாரே. அடிப்பலகை பூரா இத்துப்போச்சு. பெயிண்ட்டுதான் புடிச்சி நிறுத்தியிருக்கு. விட்டுடுங்க."

குணபாலன் விட்டுவிட்டார். கனகலதா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், பெயர்கூட வைத்தாகிவிட்டதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அந்தப் படகுதான் இப்போது இங்கே நிற்கிறது.

"யார்து இது?" என்றார் குணபாலன்.

"என்னுதுதாங்க" என்றார் கண்ணாயிரம், கையைத் துடைத்துக்கொண்டே.

"எவ்வளவு கொறைச்சு வாங்கின?"

"கொறைக்கலீங்க. அவர் கேட்டதைக் குடுத்தேன்."

குணபாலனுக்கு உடம்பே பற்றி எரிந்தது. இத்துப்போன படகுக்கு எவனாவது கேட்ட விலையைக் கொடுப்பானா? நல்ல படகுக்கு நொட்டை சொல்லித் தன்னைக் கழற்றிவிட்டு, அதை அவனே தட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அதுவும் தன் நெய் ரோஸ்ட்டைச் சாப்பிட்டுவிட்டு. கொஞ்சம் உட்காருங்க, என்ன நடந்ததுன்னு சொல்றேன் என்று கண்ணாயிரம் ஸ்டூலை இழுத்துப் போட்டார். குணபாலன் உட்காரவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் ஊர் திரும்பினார்.

அன்றிலிருந்து மில்லுக்கு நெல் கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதைதான். டிராக்டர் வைத்திருந்தவர்கள் வேறு ஷெட்டைத் தேடிப் போனார்கள். மோட்டார் சைக்கிளை விற்றுத்தான் கண்ணாயிரம் படகு வாங்கினாராம், இப்போது சைக்கிளில் போகிறாராம் என்று ஒருவர் சேதி கொண்டுவந்தார்.

"பாத்தீங்களா? பெரிய லாபம் இல்லாம வண்டியை விப்பானா?" என்றார் குணபாலன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சாத்தனூரில் படகு ஓடுகிற சேதி மட்டும் வரவே இல்லை.

"அவ்வளவு நல்ல படகுன்னா இன்னும் ஏன் தண்ணியில எறங்கல?" என்று கனகலதா கேட்டாள்.

ஒருநாள் டவுனுக்குப் போனபோது குணபாலனின் கால் தானாகவே செங்கம் ரோட்டுப் பக்கம் திரும்பியது.

ஷெட்டில் படகைக் காணோம். ஒரு மூலையில் நீலப் பலகைகள் குவிந்திருந்தன. மிச்சத்தைக் கண்ணாயிரம் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். குணபாலன் ஒரு பலகையை எடுத்தார். பொறை ரொட்டி மாதிரி கையிலேயே உதிர்ந்தது.

அவராகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இஞ்சின்?"

"கெணத்துல தண்ணி எறைக்கக் கேட்டாங்க, குடுத்துட்டேன். போட்டதுல பாதி வந்துச்சு. பலகை வெந்நீர் போட ஆவும்."

"இத்துப்போச்சுன்னு தெரிஞ்சும் ஏன் மேஸ்திரி வாங்கினீங்க?"

கண்ணாயிரம் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு அடுத்து ஒருத்தர் பாத்துட்டு வந்தாருங்க. பள்ளிக்கூடப் புள்ளைங்கள ஏத்திக்கினு ஏரியில சுத்திக் காட்டப் போறாராம். இஞ்சின் எப்படின்னு கேக்க எங்கிட்டதான் வந்தாரு. உங்ககிட்ட சொன்னதையேதான் அவர்கிட்டயும் சொன்னேன். நீங்க கேட்டுக்கினீங்க. அவரு கேக்கல. அதான், அவருக்கு முந்திக்கினு நானே வாங்கிட்டேன்."