ஏறுமுகம்

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. இன்னிக்கு என் செலவு" என்று இனிப்புப் பெட்டியை ஒவ்வொரு தையல் இயந்திரத்தின் முன்பும் நீட்டிக்கொண்டு வந்தார் கட்டிங் மாஸ்டர். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன மனிதர். டீக்குச் சில்லறை கேட்டாலே கையை விரிப்பவர் இனிப்பு வாங்கி வந்ததைப் பார்த்துத் தொழிற்சாலையே வாயைப் பிளந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. இவர்கள் தைக்கும் சட்டைகளை வாங்கும் நாடு திடீரென்று இறக்குமதி வரியை ஏற்றிவிட்டது. அன்றிலிருந்து கம்பெனியின் ஷேர் சரிந்துகொண்டே போனது. மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் அவரிடம் ஒரு ஷேர்கூடக் கிடையாது. ஷேர் விலைதான் கம்பெனியின் நாடி என்பது அவர் கட்சி. நாடி விழுந்தால் வேலை போகும், எழுந்தால் வேலை நிலைக்கும். போனால், இந்த வயதில் வேறு யார் அவரைக் கூப்பிட்டுக் கையில் கத்திரியைக் கொடுப்பார்கள்?

இன்று காலை சந்தை திறந்ததுமே விலை கிடுகிடுவென்று ஏறிவிட்டது.

"வரியை இன்னும் எடுக்கலையே மாஸ்டர். அப்புறம் எப்படி ஏறுது?" என்று கேட்டாள் காலர் தைப்பவள்.

"ஷேர் வாங்கறவன் உன்னை மாதிரியா? நாளைக்கு நடக்கப்போறதை இன்னிக்கே மோப்பம் பிடிச்சிடுவான். நல்லது நடக்கும்னு நம்பித்தானே காசைப் போடறான். பேசாம வாயில போடு."

அவள் சிரித்தபடி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கென்று இன்னும் இரண்டை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். மாஸ்டர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், மனிதர் சிரித்தே பல நாள் ஆகியிருந்தது.

மதிய இடைவேளையில் அவருடைய மகள் வந்து நின்றாள். கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவள். அப்பா வேலை செய்யும் இடத்துக்கு அவள் வருவதே அபூர்வம்.

"வாம்மா, சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கே. விலையைப் பார்த்தியா? எனக்காக நீயும் சாப்பிடாம கிடந்தியே, முதல்ல இதைச் சாப்பிடு."

அவள் கை நீட்டவில்லை. பேசிச் சிரித்துக்கொண்டிருந்த தையல்காரிகளைச் சுற்றிலும் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அட அசடே, விலை ஏறினதுக்கு யாராவது அழுவாங்களா?"

"கொஞ்சம் வெளியில வாங்கப்பா."

"எதுக்கு? எல்லாம் நம்ம ஜனம்தான். இங்கேயே சொல்லு, அவங்களும் கேட்டுச் சந்தோஷப்படட்டும்."

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மெல்லச் சொன்னாள்:

"இந்த யூனிட்டை மூடறோம்னு காலையில அறிவிச்சுட்டாங்கப்பா. செலவு மிச்சம்னு, அதைக் கேட்டுத்தான் ஷேர் ஏறிச்சு."