சகலையின் மணிக்கட்டு

கடைக்குள் நுழைந்த மதியழகன், முதல் வேலையாக ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டார். இரண்டாவது வேலையாகக் கையிலிருந்த கோல்ஃப் மட்டையை ஓங்கினார்.

பஞ்சர் கடை வீரனின் முழங்காலுக்குக் குறிவைத்த மட்டை, பாதி வழியில் அவருடைய வலது கை முந்திக்கொண்டு இழுத்ததில் கோணிப்போய், டியூப் முக்கிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. பிளாஸ்டிக் தொட்டி பிளந்து கடை முழுக்கத் தண்ணீர் ஓடியது. வீரன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"நான் சொன்னது என்ன, நீ செஞ்சு வச்சிருக்கது என்னடா?"

"சொன்னதத்தான் மொதலாளி செஞ்சேன்!"

அது பொய் இல்லை. வீரன் அடிதடியை எல்லாம் தலைமுழுகிவிட்டு எரியோடு போகிற ரோட்டில் கடை போட்டுப் பிழைப்பவன்தான். ஆனால் மில் முதலாளி மதியழகனே தேடி வந்து, "என் சகலை அன்புமணியோட வலது மணிக்கட்டு ஒடையணும். வேற எங்கயும் ஒரு கீறல் விழக்கூடாது" என்று கேட்டபோது, பழைய புத்தி போகவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலையில், கண்மாய்க் கரையில் நடந்து போன அன்புமணியின் முகத்தில் துண்டைப் போட்டு மூடினான். கையை ஒரு கல்லின் மேல் வைத்து அழுத்தி, டயர் கழற்றுகிற லிவரால் ஒரே போடு. முருங்கைக் கொம்பு ஒடிவது போல எலும்பு ஒடிந்தது. அவர் போட்ட அலறலில் கரையோரக் கொக்கெல்லாம் பறந்துபோயின.

"மாவுக்கட்டோட அவரு அலைஞ்சத ஊரே பாத்துச்சே மொதலாளி. ஒடையலன்னு சொல்வீகளா?"

"ஒடஞ்சதுதான்டா வெனையாப் போச்சு!"

மட்டை மறுபடி பறந்தது. அலமாரிக் கண்ணாடி நொறுங்கி, ஒரு சில்லு வீரனின் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் புருவத்தில் இறங்கிக் கண்ணை மறைத்தது.

சகலைகள் இருவருக்குமே கோல்ஃப் பைத்தியம். இருவருக்குமே ஆட்டம் சுமார்தான், மதியழகனுக்கு இன்னும் கொஞ்சம் சுமார். குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளுகிறவன்தான் அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரன். கொடைக்கானலில் வருஷா வருஷம் நடக்கும் போட்டியில் அன்புமணி எப்படியாவது இரண்டடி குறைத்து முந்திவிடுவார். அந்த வாரம் மாமனார் வீட்டு விருந்தில் நல்லி எலும்பு சின்ன மருமகன் இலைக்குப் போகும். மூத்த மருமகன் மதியழகன் இலைக்கு வெறும் குழம்புதான் வரும். மனுஷனுக்கு அது வயிற்றெரிச்சலாக இருக்காதா?

அதனால்தான் இந்த வருஷம் சகலை மட்டையையே தொடக்கூடாது என்று நினைத்தார்.

"கட்டப் பிரிச்சதும் மூலையில கெடப்பான்னு பாத்தேன். நேத்து மலையில வந்து நிக்கிறான்டா! பதினெட்டுக் குழி. ஒரு பந்து கோணலாப் போகல. ரெண்டடி என்ன, மொத்தக் கூட்டத்தையும் தாண்டி கப்பையே தூக்கிட்டான்!"

"அது எப்படி மொதலாளி?"

"கட்டு போட்டிருந்த அம்புட்டு நாளும் எடது கையால மட்டும் சுத்திச் சுத்திப் பழகியிருக்கான். முந்தியெல்லாம் அவனுக்கு வலது கைதான் முன்னால பாஞ்சு ஆட்டத்தக் கெடுத்துச்சாம். இப்ப அந்தக் கை வாலச் சுருட்டிக்கிட்டு எடது கை பின்னாடியே வருதாம். மைக்கப் பிடிச்சு என்ன சொன்னான் தெரியுமா? 'என் கைய ஒடச்ச மகராசன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்!' அம்புட்டுப் பேரும் கைதட்டுறாங்கடா!"

வீரன் கண்ணை மறைத்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். கூலிக்கு அடித்து எதிராளிக்கே கோப்பை வாங்கிக் கொடுத்தவனை எந்த முதலாளி உயிரோடு விடுவார்? பெண்டாட்டி பேச்சாயி சோற்றுத் தூக்கோடு வருகிற நேரம். வந்ததும் அவள் பார்க்கப்போவது பிணத்தைத்தான் என்று தோன்றியது.

"மொதலாளி, ஒங்க காலப் பிடிக்கிறேன். புள்ள குட்டிக்காரன்."

மூன்றாவது வீச்சு தோளில் இறங்கியது. வீரன் வலியில் சுருண்டு, ஈரத்தில் வழுக்கி விழுந்தான். விழுந்த இடத்தில் லிவர் கிடந்தது. அதைக் கையில் பிடித்ததும் பயம் போய் வெறி வந்தது.

"போதும் மொதலாளி! இதுக்கு மேல கை நீட்டுனா நானும் மரியாத பாக்க மாட்டேன்."

மதியழகன் அந்த லிவரையே வெறித்துப் பார்த்தார். மூச்சு இரைத்தது.

"அவன அடிச்சது இதாடா?"

"இதேதான்! வாரீகளா?"

மதியழகன் மட்டையைத் தூக்கி மூலையில் எறிந்தார். வாட்சைக் கழற்றிப் பையில் போட்டார். வலது கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டார். வெறுங்கையோடு மோத வருகிறார் என்று வீரன் காலை ஊன்றி, லிவரைத் தலைக்கு மேல் ஓங்கினான்.

அவர் வரவில்லை. ஓரமாகக் கிடந்த லாரி டயருக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, வலது கையை அதன்மேல் நீட்டி வைத்தார். கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"எடம் மாறிடாமப் பாத்து, அவனுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் ஒண்ணு போடுறா!"