வேற இடத்துக்கு மாத்திருங்க

தேயிலைத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பிய மாணவிக்கும் அங்கிருக்கும் சூப்பர்வைசருக்கும் சண்டை என்று தெரிந்ததும், விரிவுரையாளர் நாதிரா தானா ராத்தா நகரத்துக் கல்லூரியிலிருந்து அடித்துப் பிடித்து எஸ்டேட்டுக்கு வந்தார். இருவரையும் எதிரே உட்கார வைத்தார்.

"மூணு வாரமா கூட்டுறதும் துடைக்கிறதும்தான் மேடம். சூப்பர்வைசர் சார் மெஷின் பக்கமே விடமாட்டேங்கிறாரு," என்றாள் மாணவி சீதா.

"சொன்னா கேக்கணுமே மேடம். ஆளுங்க முன்னாடியே என்னை வாடா போடாங்கிறாங்க," என்றான் சூப்பர்வைசர் குகன்.

"அது தப்பில்லையா?" என்று நாதிரா சீதாவைக் கேட்டார்.

"வாய் பழகிருச்சு மேடம்."

"பேசாம இவங்கள வேற இடத்துக்கு மாத்திருங்க," என்றான் குகன்.

மாற்றினால் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். சீதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இவன் ஸ்கூல்ல படிக்கிறப்ப வாரம் ஒரு புகார் வரும் மேடம். எல்லாத்துக்கும் நான்தான் போயி நின்னேன். ஒரு நாளாச்சும், இவன் வேணாம், வேற புள்ளையக் குடுங்கன்னு கேட்டிருப்பேனா?"

நாதிரா, வகுப்பிலேயே மூத்த மாணவியின் நரைத்த தலையையும் மூக்கையும் பார்த்தார். பிறகு குகனைப் பார்த்தார். அதே மூக்கு.

குகன் எழுந்து, மெஷின் அறைக்குப் போட்டுக்கொள்ளும் தொப்பியை நீட்டினான்.

"வாம்மா, காட்டுறேன். அங்க வந்து டேய்னு மட்டும் கூப்பிடாத லா."

"சரிடா," என்றாள் சீதா.