முதல் வரிசை நிருபர்

சிவில் வழக்கில் தாக்கலாகும் சாட்சியங்களை அன்றே ஊடகங்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்த கோர்ட் நிருபர் நான். சட்டம் வந்தபோது எனக்கு மாலைகூடப் போட்டார்கள்.

அந்தத் தெம்பில், மேல்வீட்டு செண்பகவல்லி அக்காவின் மாவு கிரைண்டர் சத்தத்தின் மீது வழக்குப் போட்டேன். இப்போதெல்லாம் எல்லா வீட்டுச் சுவர்களையும்போல எங்கள் சுவரும் கேட்டதையெல்லாம் பதிவு செய்து சேமித்து வைக்கும். ஒரு மாத ஒலியை முழுசாகத் தாக்கல் செய்தேன். வெட்டிக் கொடுத்தால் செல்லாது. அந்த விதியும் நான் எழுதிக் கேட்டு வாங்கியதுதான்.

மறுநாள் எல்லா சேனலிலும் என் குரல். அடுப்பில் அப்பளம் பொரிகிறது. தலைக்கு மேல் கிரைண்டர் கடகடக்கிறது. நான் போனில் எடிட்டருக்குச் செய்தி சொல்கிறேன்.

“நீதிபதி உள்ள வந்ததும் குண்டூசி விழுந்தா கேக்கும், அப்படி ஒரு அமைதி சார். நான் முதல் வரிசையிலதான் உக்காந்திருக்கேன். அந்தச் சத்தமா? கோர்ட்டு ஃபேன் சார், பழசு.”

பேங்கிலிருந்து மனைவி கூப்பிட்டாள். “அதான் அப்பளப் பாக்கெட்டு குறைஞ்சுக்கிட்டே இருந்துச்சா?”

எடிட்டர் அதற்கு முன்பே கூப்பிட்டுவிட்டார். வேலை போயிற்று.

வழக்கில் மட்டும் ஜெயித்தேன். கிரைண்டர் சத்தம் அவ்வளவு தெளிவாகப் பதிவாகியிருந்தது.

தீர்ப்பன்று அக்கா ஒரு தூக்கு மாவோடு இறங்கி வந்தார்.

“கிரைண்டர தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன் தம்பி. இனிமே உங்க கோர்ட்டு அமைதியா இருக்கும்.”