வெறுங்கால் உத்தரவாதம்

மருதை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மாதிரிக்கு முற்றத்தில் கொட்டிய நொறுங்கிய போத்தல்களின் மேல் ஏறி நின்றார். பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல அங்குமிங்கும் நடந்தார்.

"பாத்தீங்களா மேடம்? ஒன்னுமே ஆகாது."

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் றேணுகாவின் வீடு. முன்முற்றத்தில் மூன்று தரம் புல் நட்டு, மூன்று தரமும் உப்புக்காற்று தின்றுவிட்டது. அதனால்தான் இப்போது கண்ணாடி.

பழைய போத்தல்களை நொறுக்கி, முனை மழுங்க உருட்டி, புல்லுக்குப் பதிலாகக் கொட்டுகிறார்கள். பச்சை என்றால் சோடாப் போத்தல், கபிலம் என்றால் பியர்ப் போத்தல். நீலம் எந்தப் போத்தல் என்று மருதையின் கம்பனி சொல்வதில்லை.

"வடிவாத்தான் இருக்கு ஐயா. ஆனா இவன் நாள் முழுக்க இந்த முத்தத்திலதான்." சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒன்றரை வயது மகன் தேனுஜனைக் காட்டினாள் றேணுகா. "சப்பாத்துப் போட்டா கழட்டி எறிஞ்சு போடுவான்."

"அதுக்குத்தானே மேடம் நான் நடந்து காட்டுறேன்."

மருதை முகத்துவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், வயது ஐம்பத்தெட்டு. இந்த மாதம் போன ஐந்து வீடுகளிலும் யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் ஓடர் இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் காலையில் மனேஜர். மருதை 'சரி சேர்' என்றார்.

உச்சி வெயில். மருதை கேட்டபடி சீனி போடாத பிளேன்டீயுடன் வாசலுக்கு வந்த றேணுகா, சீமெந்துத் தரையில் ஒரு கால் வைத்ததுமே துள்ளிப் பின்வாங்கினாள்.

"அம்மாடி, நெருப்பு! எப்பிடி ஐயா இதில நிக்கிறீங்கள்?"

"பழகிருச்சு மேடம்." அதே தரையில் நின்றபடி ஆற அமர ஊதிக் குடித்தார்.

றேணுகா கணவனுக்குப் போன் எடுத்தாள். "ஓமப்பா, மனுசன் வெறுங்காலோட நடந்து காட்டினவர். பயமில்லை. பச்சையே எடுப்பம்."

இருபது மூடைக்குக் கையெழுத்தாயிற்று. மருதை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பை எடுத்துப் படியில் உட்கார்ந்தார்.

"வாங்கோ குட்டி, நீங்களும் ஒருக்கா நடந்து பாப்பம்." றேணுகா குனிந்து தேனுஜனின் ஒரு சப்பாத்தைக் கழற்றினாள். அவன் மற்றதைத் தானே கழற்றி எறிந்தான்.

செருப்பை மாட்டுவதற்கு முன், வழக்கம்போல மருதை உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேடம், புள்ளய எறக்காதீங்க."

"ஏன்? நீங்கள் இப்பதானே நடந்தனீங்கள்?"

மருதை சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துப் படியில் வைத்தார். பிறகு காலைத் தூக்கிக் காட்டினார். குதிக்காலில் பச்சைத் துண்டு ஒன்று ஆழமாக ஏறியிருந்தது. இரத்தம் படியில் சொட்டிக்கொண்டிருந்தது.

றேணுகா பிள்ளையை அள்ளித் தூக்கினாள். "ஐயோ! உங்களுக்கு நோகேல்லையா?"

மருதை தன் காலை, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நோவு தெரிஞ்சா இந்த வேலைக்கு என்னைய எடுத்திருப்பாங்களா, மேடம்?"